தம்பிக்கு, வட்டக்கச்சியிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். கால்வலி வழக்கம்போல. ஐப்பசி மழை இன்னும் வடிவாக இறங்கவில்லை, ஆனாலும் காலபோகத்துக்கு விதைத்தாயிற்று. சித்தியின் இரண்டு ஏக்கரும் பச்சை பிடித்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

கடிதம் எழுதக் காரணம் உன்னுடைய பழைய கொம்பியூட்டர்தான். போன முறை வந்தபோது என் போனில் ஒரு விளையாட்டுச் சாமான் போட்டுத் தந்தாயே, புள்ளியும் கோடுமாக எழுத்தைச் சொல்லுகிற மோர்ஸ் அடித்தால் பின்பக்கத்து லைற் மின்னுமே, அது. ஆவணியில் போன் கிணற்றுக்கட்டில் விழுந்து கண்ணாடி வெடித்துவிட்டது. லைற்றும் போய்விட்டது. வட்ஸ்அப் மட்டும் வேலை செய்கிறது, அதனால் உன் கட்டைவிரல் படங்கள் எல்லாம் ஒழுங்காக வந்து சேருகின்றன. நான் நாலு வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரல். ஏழு கிழமையாக அதுதான். குறை சொல்லவில்லை, வேலை இருக்கும்.

சரி, கொம்பியூட்டருக்கு வருகிறேன். முன்வீட்டுப் பெடியன் உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிறான். போனில் இருப்பதைக் கொம்பியூட்டரில் ஓட்டலாம் அன்ரி, எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, போனைப்போல நடிக்கும் என்றான். போட்டான். அரைவாசியில் நின்றுவிட்டது. பிறகு அணைத்துப் போட்டு, எழும்பும்போதே ஒரு பொத்தானை விடாமல் அழுத்தி, பயோஸ் என்ற நீலப் பக்கத்துக்குள் போய், வேர்ச்சுவலைசேஷன் என்பதைத் திறந்துவிட்டான். அதைத் திறக்காவிட்டால் உள்ளே இருக்கிற போன் நொண்டி நொண்டித்தான் நடக்குமாம். நினைவகமும் போதவில்லை. கிளிநொச்சி ரவுணில் பழைய ராம் ஒன்று வாங்கி நாலை எட்டாக்கினான். காசு வாங்கவில்லை. வெள்ளைப்புட்டும் மீன்குழம்பும் கொடுத்தேன்.

கொம்பியூட்டருக்கு ரோச் ஏது? செயலி லைற் இல்லை என்று சொல்லிவிட்டது. பெடியன் அமைப்புக்குள் போய்த் திரையையே மின்ன வைத்தான். முழுத் திரையும் வெள்ளை, பிறகு கறுப்பு. அறை முழுக்க வெளிச்சம் அடித்து அணைகிறது. அப்பாவின் படத்துக் கண்ணாடியில் பட்டு அலுமாரியில் தெறிக்கிறது. வெளியே நாய் குரைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து உங்களுக்குக் கறண்ட் ஏறி இறங்குதோ என்று கேட்டார்கள்.

திரையில் இருக்கிற வட்டப் பொத்தானை அவன் ஸ்பேஸ் பாருக்கு மாற்றித் தந்தான். அது எனக்கு நல்ல வசதி. காலையில் விரல் விறைக்கிறது, கண்ணாடியில் தட்டினால் புள்ளியும் கோடாகிவிடும். ஸ்பேஸ் பார் கரண்டி மாதிரி. அப்பு எனக்கு மோர்ஸ் பழக்கிய கரண்டி.

செயலி கமராவால் வெளிச்சத்தை எழுத்தாக வாசிப்பதுதான் பிரச்சினை. கொம்பியூட்டர் கமராவுக்கு முன்னால் நின்று ரோச்சை அடித்துப் பார்த்தேன். அந்தக் கமரா நொடிக்கு முப்பது படம் எடுக்குமாம், இருட்டினால் இன்னும் குறையுமாம். நிமிடத்துக்கு இருபது சொல் என்ற வேகத்தில் ஒரு புள்ளி நொடியில் நூறில் ஆறு பங்கு. இரண்டு படம்கூடத் தேறாது, எப்படிப் பிடிக்கும்? வேகத்தை ஐந்துக்கு இறக்கினோம். அப்போது ஒரு புள்ளிக்கு ஏழு படம். பிடித்துவிட்டது. அந்தச் சொல்லை 'பாரிஸ்' என்று வைத்துத்தான் எண்ணுகிறார்கள், ஐம்பது புள்ளி நீளம். எங்களுடைய ஆட்களில் கொஞ்சப் பேர் அங்கேயும் இருப்பதால் எனக்குச் சிரிப்பு.

ஐந்திலும் பிழை வந்தது. நான் ஏ அடித்தால் அது ஈ, ரீ என்று இரண்டு எழுத்தாக எழுதுகிறது. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் நான் கொஞ்சம் கூட நேரம் விட்டுவிடுகிறேன். அப்பு இதற்குத்தானே தலையில் குட்டுவார். அடிப்பது சுலபம் பிள்ளை, சும்மா இருப்பதுதான் கணக்கு என்பார். எழுத்துக்குள் ஒரு புள்ளி நேரம், எழுத்துக்கும் எழுத்துக்கும் மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் ஏழு. ஏழுக்கு மேல் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் அதற்கு ஒரு கணக்கும் இல்லை.

புரட்டாதியில் நீ அனுப்பிய படத்தில் பின்னால் தெரிகிற குசினி வேறு மாதிரி இருக்கிறது. நீலத் தட்டு ஒன்றும் இல்லை. அடுப்பில் ஒரே ஒரு சின்னச் சட்டி. பெரிதாக்கிப் பார்த்தேன். வீடு மாறினீர்களா? பெரியம்மா வீட்டார் ஏதோ சொன்னார்கள், நான் காதில் போடவில்லை. அவர்கள் எப்போதும் அப்படித்தான். மருமகளுக்கு நான் கேட்டதாகச் சொல்லு. இந்தக் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே போடுகிறேன், வேறு விலாசம் என்னிடம் இல்லை. அவள் எடுத்து வைப்பாள்தானே. பெடியனிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பலாம், ஆனால் அவன் வாசிப்பான்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காலுறை போடு. சட்டி சின்னது என்றாலும் இரண்டு நேரமாவது சோறு வை. முகாமில் தறப்பாளுக்குக் கீழே படித்து, பிறகு மூன்று ஏ எடுத்தவன் நீ. அதை இன்றைக்கும் ஊரில் சொல்லுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாயோடு பத்து நிமிடம் கதைக்க ஏலாதா என்றும் நினைப்பேன். பிறகு நானே என்னைப் பேசிக்கொள்வேன்.

தம்பி, ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் போல.

2008 ஐப்பசி. சண்டையால் ஏ9 வீதி பூட்டி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பற்றரிக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று உனக்குத் தெரியும், வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்தோம். அப்பாவின் ரேடியோவிலிருந்து இரண்டு பற்றரியை நீ கழற்றி ரோச்சில் போட்டுவிட்டாய். அவர் செய்தி கேட்க முடியாமல் போனார். எனக்கு வந்த கோபத்தில் உன்னை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சித்தி வீட்டுக்குத் துரத்தினேன், இரண்டு நாள் அங்கேயே கிட என்று. பதினொரு வயது உனக்கு.

அன்று இரவு வண்டு, நாங்கள் அப்படிச் சொல்லுகிற வேவு விமானம், சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கை நூர்த்துவிட்டு விறாந்தையில் இருந்தேன். சித்தி வீட்டுக் கொட்டிலடியில் வெளிச்சம் மின்னியது. புள்ளி கோடு. கோடு கோடு. கோடு கோடு. புள்ளி கோடு. பிறகு இடைவெளி. மூன்று புள்ளி ஒரு கோடு, புள்ளி கோடு. 'அம்மா வா'. மூன்று தரம் அடித்தாய். கடைசித் தரம் பற்றரி மங்கி வெளிச்சம் சிவப்பாக வந்தது.

காலையில் நீ கேட்டாய், அம்மா ரோச் அடித்தேனே காணவில்லையா என்று. நித்திரையாகிவிட்டேன் என்றேன். நான் நித்திரையில்லை. முழுவதையும் வாசித்தேன். மேலே வண்டு, ரோச் அடித்தால் ஆபத்து என்று எனக்கு நானே சொன்னேன். அது உண்மைதான். ஆனால் வாய்க்கால் ஐம்பது அடி. இருட்டில் நடந்து வந்திருக்கலாம். கோபம் இறங்கவில்லை, அதுதான் வரவில்லை. அதன் பிறகு நீ ரோச்சைத் தொடவில்லை. நானும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

போன முறை போனில் அந்தச் சாமானைப் போட்டுவிட்டு, அம்மா, இப்பவும் வாசிப்பீங்களா என்று கேட்டாய். மறந்துபோச்சு என்றேன். அதுவும் பொய்.

கதைக்க விருப்பமில்லாவிட்டால் கதைக்க வேண்டாம். வீடியோ அழைப்பு எடு, மேசை விளக்கைப் போட்டு நூர்த்துக் காட்டு. முகம்கூடக் காட்டத் தேவையில்லை. கண்ணில் வெள்ளை எடுத்த பிறகு எனக்கு வடிவாகத் தெரிகிறது, செயலி வாசிக்காவிட்டாலும் நான் வாசிப்பேன். இங்கே இரவு எட்டரை என்றால் உனக்குக் காலை பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில்தானே இருப்பாய். ஒவ்வொரு ஞாயிறும் எட்டரைக்குத் திரைக்கு முன்னால் இருக்கிறேன். பெடியனை அந்த நேரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சித்தி எள்ளுப்பாகு செய்து வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்துவிடலாம். விலாசத்தை மட்டும் அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

வேகத்தை ஐந்தில் வை. உன் கை எப்போதும் கெதி.

அம்மா