வளர்த்தவளைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ‘பாரிஸ், டெக்சாஸ்’ பற்றிய கட்டுரை படித்தேன். விம் வெண்டர்ஸ் இயக்கி, 1984ல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். வெயிலில் பாலைவனத்தைக் கடந்து நடந்துவரும் டிராவிஸ், இசையமைத்த ரை கூடரின் கிடார், ஹூஸ்டனில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் டிராவிஸின் மனைவி ஜேன் என்று எல்லாம் வந்திருந்தது. ஆனியின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

டிராவிஸ் காணாமல் போயிருந்த நான்கு வருஷமும் அவன் மகன் ஹண்டரை லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்து வளர்த்தவர்கள், சகோதரன் வால்ட்டும் அவன் மனைவி ஆனியும். ஆனியாக நடித்த ஆரோர் கிளெமானின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து டிராவிஸும் ஜேனும் இருக்கும் பழைய கடற்கரைப் படச்சுருளைப் போட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் பையன் படுக்கும்போது, ‘அவர் இன்னும் அவளை நேசிக்கிறாரா?’ என்று கேட்பது ஆனியிடம்தான். தன் பயத்தை முழுங்கிக்கொண்டு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜேன் மகன் பேரில் மாதாமாதம் ஹூஸ்டன் வங்கியிலிருந்து பணம் போடுகிற விஷயத்தை டிராவிஸிடம் சொல்பவளும் அவளே. பிள்ளை கைவிட்டுப் போகும் வழியை அவளே காட்டிவிடுகிறாள். ஜேனைத் தேடி டிராவிஸோடு ஹூஸ்டன் போகிற வழியில் பையன் வீட்டுக்கு ஒரு போன் பேசுகிறான், அதோடு சரி. கடைசிவரை படம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் இது குறைதான்.

இது எனக்கு வெறும் சினிமா விஷயம் இல்லை. என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது அவர்கள் மகன் எங்கள் பெரம்பூர் வீட்டில்தான் வளர்ந்தான். ரசம் சாதத்துக்கு அப்பளம் நொறுக்கிப் போட்டால்தான் சாப்பிடுவான். ஒன்பதாம் வகுப்பு லீவில் வந்து கூட்டிப்போனார்கள். பெற்றவர்கள் கூட்டிப்போனார்கள், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஜூனில் பள்ளிக்கூட வேன் எங்கள் தெருவில் ஹாரன் அடித்தபோதெல்லாம் நான் அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடினேன். பெரியம்மா, சித்தி, அத்தை என்று இந்த ஊரில் எத்தனையோ ஆனிகள் இருக்கிறார்கள்.

நுங்கம்பாக்கத்தில் இருக்கும் ஜெர்மன் கலாசார மையமான மாக்ஸ் முல்லர் பவனுக்கும் நகரத்துத் திரைப்படச் சங்கங்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு பெரிய திரையில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியாக இருந்தால் என்னைப் போன்றவர்களும் வர முடியும். முடிந்ததும் அரை மணி நேரம் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பெரம்பூர், சென்னை - 11