பின்பக்கத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 22, மெட்ராஸ் தினம் நெருங்கினால் போதும், பழைய பட அஞ்சலட்டைகள் பத்திரிகைகளில் வரிசைகட்டி வந்துவிடும். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஓரத்தை வெட்டிவிட்டு முன்பக்கப் படத்தை மட்டும் போட்டு, அடியில் '1890-இல் உயர் நீதிமன்றம்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டடம் திறக்கப்பட்டதே 1892-இல். அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தாலே இந்த ஆண்டு சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: வாசகர்கள் அனுப்பும் பட அஞ்சலட்டைகளை வெளியிடும்போது பின்பக்கத்தையும், சிறிய அளவிலாவது, சேர்த்து அச்சிடுங்கள்.

பின்பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது நடுக்கோடு. கோடே இல்லாமல் முழுப் பக்கமும் முகவரிக்கு என்று இருந்தால் அது ஆரம்ப கால அட்டை. அப்போது செய்தி எழுதக் கிடைத்த இடம், படத்துக்குக் கீழோ பக்கத்திலோ விட்டிருந்த வெள்ளை ஓரம் மட்டுமே. பழைய அட்டைகளில் கடலுக்கு மேலே, வானத்தின் குறுக்கே எல்லாம் பேனா எழுத்து ஓடுவதற்கு இதுதான் காரணம். அதை அழுக்கு என்று நினைத்து கணினியில் அழித்துவிடாதீர்கள். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பாதியில் செய்தி எழுத பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது. பிரான்சும் ஜெர்மனியும் அடுத்தடுத்து வந்தன, அமெரிக்கா 1907-இல் வந்தது. ஆகவே கோடில்லாத மெட்ராஸ் அட்டை 1900-ஐ ஒட்டிய சில ஆண்டுகளைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரர்கள் பழைய சரக்கை வைத்திருந்து விற்றார்கள் என்பதால் அதை உடும்புப்பிடியாகப் பிடிக்கக் கூடாது.

அடுத்தது தபால்தலை. ஏழாம் எட்வர்ட் தலை இந்தியாவில் 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல், ஆறாம் ஜார்ஜ் 1937 முதல். சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21-இல் வந்தது. விலை 'நயா பைசா'வில் இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு அச்சாகியிருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகுதான். மங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்ததும் 'வெள்ளைக்காரன் காலத்தது' என்று சொல்லப்பட்டு விற்பனைக்கு வரும் ஊட்டி, கொடைக்கானல் அட்டைகளில் கணிசமானவை இந்தக் கடைசி இரண்டு வகை.

இந்த இடத்தில்தான் தபால்தலை சேகரிப்பவர்கள் செய்த அநியாயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு அரையணா தலையை உரித்து எடுத்துக்கொண்டு, மீதியைத் தூக்கிப் போட்டார்கள். தலையோடு பாதி முத்திரையும் போய்விடும்; எந்தத் தேதியில் எந்த ஊரில் போட்டது என்பதும் போய்விடும். அட்டையின் மேல் அடுக்கும் கூடவே உரிந்து வரும். அப்படி உரிந்த அட்டைக்கு சந்தையில் மதிப்பு ஏறக்குறைய இல்லை.

முத்திரை சொல்வது தபாலில் போட்ட தேதியை. படம் எடுத்த தேதியை அல்ல. இந்தக் குழப்பம்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஸ்டூடியோக்காரர்கள் ஒரே கண்ணாடி நெகட்டிவிலிருந்து பல வருடம் அட்டை அடித்தார்கள். மெட்ராஸ் ஸ்டூடியோவான வீலே அண்ட் க்ளைன் எடுத்த நகரக் காட்சிகள் வெவ்வேறு பதிப்புகளாக வந்திருக்கின்றன. அந்த நிறுவனம் பின்னாளில் க்ளைன் அண்ட் பையர்ல் ஆனது. எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதை வைத்தே முந்தையதா பிந்தையதா என்று பிரிக்க முடியும். ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் போன்ற மவுண்ட் ரோடு கடைகளும் தங்கள் பெயரில் அட்டை வெளியிட்டன. லண்டன் ரஃபேல் டக் நிறுவனத்தின் ஓவியம் போன்ற 'ஆயிலெட்' அட்டைகளிலும் மெட்ராஸ் உண்டு. ஆனால் 1940 டிசம்பர் 29 இரவு லண்டனில் விழுந்த குண்டுகளில் அந்த நிறுவனத்தின் பதிவேடுகள் எரிந்துபோனதால், எந்த வரிசை எந்த ஆண்டு என்பதை அட்டைகளை வைத்தேதான் கோத்துப் பார்க்க வேண்டும். ஆகவே வெளியீட்டாளர் பெயரையும் வரிசை எண்ணையும் யாரும் வெட்டி எறியக் கூடாது.

படம் எடுத்த காலத்தைப் படத்திடமே கேட்க வேண்டும். சென்னைக்கு இது கை கொடுக்கும், ஏனென்றால் கட்டடங்களுக்குத் தேதி தெரியும். சென்ட்ரலையும் விக்டோரியா பொது மண்டபத்தையும் சேர்த்து எடுத்த காட்சியில் பக்கத்தில் ரிப்பன் மாளிகை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் படம் 1909-ஐ ஒட்டியதோ அதற்கு முந்தையதோதான். சாரம் கட்டியிருந்தால் 1909-க்கும் 1913-க்கும் இடையில். எழும்பூர் ரயில் நிலையக் கட்டடம் 1908-இல் திறந்தது. மயிலாப்பூர் தெப்பக்குளக் காட்சியில் கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் இல்லையென்றால் 1906-க்கு முன். மவுண்ட் ரோட்டில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலை நின்றால் 1937-க்கு முன். டிராம் தண்டவாளம் தெரிந்தால் 1895-க்கும் 1953-க்கும் இடையில். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருந்தால் 1959-க்குப் பின். பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது. ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-இல். இப்படி இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்தால் பல படங்களை ஐந்தாறு வருட இடைவெளிக்குள் அடைத்துவிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரை பொற்றாமரைக் குளமும்தான் கையை விரிக்கும். அங்கே மின்கம்பி, தெருவிளக்கு, மாட்டுவண்டிக்கு நடுவே நுழைந்த மோட்டார் கார் என்று சில்லறைச் சாமான்களைத்தான் தேட வேண்டும்.

படம் வலம் இடமாக மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால் தெரு முழுக்க இடவலம் மாறிவிடும். கடைப் பலகை எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டால் பெண்களின் முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று பார்த்தால் போதும்.

வண்ணத்தை நம்ப வேண்டாம். முதல் உலகப் போருக்கு முன்பு இந்தியக் காட்சி அட்டைகளில் பெரும்பங்கு ஜெர்மனியில், முக்கியமாக சாக்சனிப் பகுதியில் அச்சானது. இங்கிருந்து கறுப்பு வெள்ளைப் படம் போகும், அங்கே மெட்ராஸைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் நிறம் கொடுப்பார். சேலை என்ன நிறம், கோபுரம் என்ன நிறம் என்பதெல்லாம் அவர் கற்பனை. பட்டப்பகலில் எடுத்த கடற்கரைப் படத்துக்கு நீலம் பூசி, ஒரு நிலாவையும் வரைந்து 'நிலவொளியில்' என்று விற்றதும் உண்டு; நிழல் விழும் திசைக்கும் நிலாவுக்கும் சம்பந்தமே இருக்காது. 'கோபுரத்துக்கு அன்று இந்த வண்ணம்தான்' என்று இந்த அட்டைகளைக் காட்டி வாதாடுகிறவர்கள் கவனிக்க.

எப்படி அச்சிட்டது என்று அறிய, நகை ஆசாரிகள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். வானம் போன்ற வெற்றுப் பகுதியில் வைத்துப் பாருங்கள். சம இடைவெளியில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன் அச்சு. புள்ளி வரிசை இல்லாமல் சுருங்கிய தோல் மாதிரி நெளிநெளியான பொடிக்கோடுகள் என்றால் கொலோடைப். அந்தக் காலத் தரமான அட்டைகள் இந்த வகை. எவ்வளவு பெருக்கினாலும் புள்ளியோ கோடோ இல்லை, சாய்த்துப் பிடித்தால் கருமையான ஓரங்களில் வெள்ளிப் பளபளப்பு ஏறுகிறது என்றால் அது நேரடி போட்டோ அட்டை, அதாவது போட்டோத்தாளிலேயே பிரதி எடுத்தது. இவற்றில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி கோடாக், வெலாக்ஸ் என்று தாள் தயாரிப்பாளர் பெயர் இருக்கும். சின்ன ஊர் ஸ்டூடியோக்கள் சில பிரதிகள் மட்டுமே போட்டது இப்படித்தான். மதுரைக் கோபுரம் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்; ஒரு தாலுகா ஊரின் கடைத்தெரு கிடைத்தால் விடாதீர்கள்.

போலியும் இதே லென்ஸில் மாட்டும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்ன ரோஜா வட்டங்களாகச் சேர்ந்திருந்தால் அது இக்கால ஆஃப்செட் அச்சு. பழைய அட்டையின் அளவு ஏறக்குறைய 14 x 9 செ.மீ.; 15 x 10 என்றால் பெரும்பாலும் 1960-களுக்குப் பின். இன்னொரு சோதனை, இருட்டறையில் புற ஊதா டார்ச் அடிப்பது. காகிதத்துக்கு வெண்மை ஏற்றும் ரசாயனம் 1950-ஐ ஒட்டித்தான் பரவியது; பழைய தாள் மங்கலாகவே இருக்கும், புதுத்தாள் நீலமாக ஒளிரும். தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழசாக்கிய அட்டையும் இதில் தப்பாது. சாயம் நான்கு ஓரத்திலும் ஒரே சீராக இறங்கியிருப்பதும் காட்டிக்கொடுக்கும். இயல்பான பழுப்பு அப்படி அளந்து வராது.

தேடுவதற்கு சென்ட்ரல் பின்புறம் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தொடர்பால் ரங்கூன் அட்டைகளும் அங்கே தலைகாட்டும். ஆனால் மெட்ராஸ் அட்டைகளை வாங்கி ஊருக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். போன சரக்கு போன இடத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்து ஏலங்களில் கிடைக்கிற அளவுக்கு இங்கே கிடைப்பதில்லை.

கிடைத்ததைக் காப்பாற்றுவது சென்னைப் புழுக்கத்தில் தனி வேலை. லேமினேஷன் செய்தால் முடிந்தது கதை, திரும்ப எடுக்கவே முடியாது. பசைத்தாள் ஆல்பமும் செல்லோடேப்பும் சில வருடத்தில் மஞ்சள் கறையை உள்ளே இறக்கிவிடும். வாசனை வரும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை பிவிசி. அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசையில் படம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்கி, ஒன்றில் ஓர் அட்டை வீதம் போட்டு, பெட்டியில் நெருக்காமல் நிற்க வையுங்கள். செருப்புப் பெட்டி அளவுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். பாச்சை உருண்டை போடாதீர்கள், அந்த ஆவி சில பிளாஸ்டிக் உறைகளையே இளக்கிவிடும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். குறிப்பு எழுத வேண்டுமானால் உறையில் எழுதுங்கள், அட்டையில் அல்ல.

தங்களுக்கு அனுப்ப நினைக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கைபேசியில் எடுத்து அனுப்பாமல், இரு பக்கத்தையும் ஓரம் வெட்டாமல் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யட்டும். ஓர் அட்டை சுமார் 3300 x 2100 புள்ளிகள் வரும், அரைப்பக்கப் படத்துக்குத் தாராளம். வெள்ளிப் பளபளப்பு ஏறிய போட்டோ அட்டை ஸ்கேனரில் வெளுத்துப்போகும், அதை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவில் எடுக்கலாம். பின்பக்கத்தில் முகவரியும் அந்தரங்கச் செய்தியும் இருந்தால் அந்த வரிகளை மட்டும் மறைத்து, தலை, முத்திரை, வெளியீட்டாளர் பெயர், எண் இவற்றை விட்டுவைத்தால் போதுமானது. படக்குறிப்பில் 'முத்திரை 1911. படம் 1908-க்கும் 1911-க்கும் இடையில்' என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஆண்டு தெரியாத படத்துக்கு வெளியீட்டாளர் பெயரை மட்டும் போட்டாலும் எங்களைப் போன்றவர்கள் மீதியைத் தேடிக்கொள்வோம்.

இப்படிக்கு,
பட அஞ்சலட்டை சேகரிப்பாளர்கள் சிலர்,
சென்னை