நான்காம் மாடி அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

எங்கள் புளோக்கில் இருப்பவர்களுக்கு நடந்ததெல்லாம் தெரியும், அதை முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து அப்பாவுக்குக் காலில் ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. அப்பா வீடு திரும்பிவிட்டார். மூச்சு வாங்காமல் பேசுகிறார்.

முதல் நன்றி, புளோக் முழுக்க ‘அக்கா’ என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற தாதிக்கு. சளிக்காய்ச்சலில் கிடந்த அப்பாவுக்கு ரசம் கொடுக்க வந்தவர் அவர். அப்பாவுக்குக் கெண்டைக்கால் வலிக்கிறதென்று அம்மா தைலத்தை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “தேய்க்காதீங்கம்மா. உள்ளே ரத்தம் உறைஞ்சிருந்தா, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிடும்.”

பிறகு தையல் டேப் கேட்டார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு காலிலும் ஒரே இடத்தில் சுற்றளவு எடுத்தார். இடது கால் 3 செ.மீ.க்கு மேல் பெருத்திருந்தது. டேப் அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100ஐத் தாண்டிய நாடி. இவையும் சேர்ந்ததும், பலதுறை மருந்தகம் வேண்டாம், நேராக 995 (சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்) என்றார்.

காய்ச்சல் விட்ட பிறகு இந்த ரத்த உறைவு ஏன் வருகிறது என்று பலர் கேட்டீர்கள். கிருமியை எதிர்க்கும் உடம்பில் அழற்சி கூடும்போது ரத்தக் குழாயின் உட்சுவர் புண்படுகிறது, தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, உறைய வைக்கும் புரதங்களும் கூடுகின்றன. அதோடு நாள் கணக்கில் படுக்கை, தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. காலில் ரத்தம் தேங்குகிறது. கோவிட்டுக்குப் பிறகு நுரையீரல் உறைவு அபாயம் ஆறு மாதம் வரைகூட அதிகமாக இருந்ததை 2022இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு காட்டியது. ஆகவே ‘காய்ச்சல்தான் போய்விட்டதே’ என்று மூச்சுத் திணறலை ஒதுக்கிவிடாதீர்கள்.

குடிமைத் தற்காப்புப் படை ஆம்புலன்ஸ் குழுவினர், அவசரப் பிரிவு மருத்துவர்கள், ஸ்கேன் அறையில் இருந்தவர்கள், வார்டுத் தாதியர், சாப்பாடு கட்டித் தந்த அண்டை வீட்டார், உங்கள் எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி. டி-டைமர் (ரத்தக் கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் புரதத் துணுக்கு) கூடியிருந்தாலே உறைவு என்றாகாது, கிருமித் தொற்றே அதை ஏற்றிவிடும், அதனால்தான் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்கிறோம் என்று அந்த நெரிசலிலும் நிதானமாக விளக்கிய இளம் மருத்துவருக்குத் தனியாக ஒரு நன்றி. மருந்தாளுநருக்கும்தான்: ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்ஸபான் மாத்திரை முதல் 21 நாள் 15 மி.கி. காலையும் இரவும், பிறகு 20 மி.கி. ஒருவேளை, எப்போதும் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. வலிக்குப் பெனடால் (பாராசிட்டமால்) போடலாம், இபுபுரூஃபன் கூடாது, ரத்தக் கசிவு வரும். இதை அம்மாவுக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

குறைந்தது மூன்று மாதம் மாத்திரை தொடரும். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்த விடமாட்டோம். அக்காவிடம் கொடுத்த வாக்கு அது. இன்னொன்றும் சொன்னோம். காய்ச்சலுக்குப் பிறகு இந்த புளோக்கில் யாருக்காவது திடீரென மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, எந்த நேரமானாலும் எங்கள் கதவைத் தட்டலாம், கூடவே வருவோம். மூச்சு வாங்கினால் மட்டும் முதலில் 995ஐ அழைத்துவிட்டுத் தட்டுங்கள்.