வெப்பமும் புள்ளிவரியும்

ஐயா,

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதில் அரசியல் ஏதுமில்லை. 1859-லேயே இயற்பியல் அறிஞர் ஜான் டிண்டால் அதைச் சோதனையில் கண்டறிந்துவிட்டார். அவ்வாயுவை வெளிவிடும் நிலக்கரியை யார் குறைப்பது, அதன் செலவை யார் ஏற்பது என்னும் இடத்தில்தான் அரசியல் நுழைகிறது. எங்கள் செட்டிநாட்டில் கோயில் காரியத்துக்குப் புள்ளிவரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்னும் பங்குத்தொகை, நிர்ணயிக்கும்போதே எத்தனை பேச்சு எழும்!

1992-இல் ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையில் அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அன்றைய அதிபர் மூத்த புஷ். 1997-இலோ, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்காத ஒப்பந்தம் வேண்டாமென்று அந்நாட்டு மேலவை, இரு கட்சியினரும் சேர்ந்து, 95-0 என்ற வாக்குகளில் தீர்மானித்தது. ஆக, அன்று வழக்கு அறிவியலைப் பற்றியதன்று, பங்குத்தொகையைப் பற்றியது. உலகக் காலநிலை மாநாட்டுச் செய்திகளுடன் ஒவ்வொரு நாட்டின் தலைவீத உமிழ்வையும், அதாவது ஆளுக்கு எவ்வளவு வாயு வெளிவிடப்படுகிறது என்பதையும், தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

— வாசகர், காரைக்குடி