கூடல்வாய்க்குப் பாதிப் பாதியாகத் தகரம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துப் பழைய தெருக்களில் ஓட்டு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. ஐப்பசி மழையில் இரு வீட்டுக் கூரையும் சேரும் கூடல்வாய் ஒழுகத் தொடங்கியதும், அவரவர் பக்கத்தை மட்டும் அவரவர் அடைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் ஓடுவது நடுவில். இணைப்பும் நடுவிலேயே வந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? இரு வீட்டாரும் செலவைப் பகிர்ந்துகொண்டு, இந்தப் பக்க ஓட்டின் அடியிலிருந்து அந்தப் பக்க ஓட்டின் அடிவரை ஒரே தகரமாகப் போட வேண்டும்.

உலோகமும் ஒன்றாக இருக்கட்டும். எவர்சில்வர் தகட்டையும் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டையும் சேர்த்து ரிவிட் அடித்தால், ஈரம் படும்போது ஜி.ஐ.யின் துத்தநாகப் பூச்சு அரித்துப்போய்த் துரு ஏறும்.

கடலை ஒட்டாத ஊர்களுக்கு 24 கேஜ் ஜி.ஐ. தகடே எங்கள் தேர்வு. ஈயப்பற்று நன்றாகப் பிடிக்கும். 28 கேஜ் இதைவிட மெல்லியது, மலிவுதான். ஆனால் ஓடு மாற்ற ஏறுபவர் மிதித்தாலே நெளிந்து, அந்தக் குழியில் நீர் தேங்கும். அலுமினியத்தையும், அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய இரும்பான கால்வலூமையும் ஈரச் சிமெண்ட் அரிக்கும். ஓட்டு விளிம்பில் கலவை பூசும் வழக்கம் உள்ள இடத்தில் இவை வேண்டாம். நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு ஜி.ஐ. தாங்காது. அங்கே 316 ரக எவர்சில்வர் போடலாம். விலையைப் பார்த்து மலைக்கத்தான் வேண்டியிருக்கும்.

30 அடி நீளக் கூடல்வாய்க்குக் கணக்கு இது: அடிப்பாகம் 1 அடி, இருபுறமும் ஓட்டுக்கு அடியில் ஏறுவது தலா 1 அடி. ஆக 3 அடி அகலம், 8 அடி நீளத்தில் 4 தகடு போதும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் 6 அங்குலம் போக 30½ அடி கிடைக்கும். மொத்த எடை 45 கிலோ அளவில் வரும். வாட்டம் 30 அடிக்கு 4 அங்குலம். ஒவ்வொரு சரிவும் 15 அடி என்றால், 5 செ.மீ. மழைக்கே 4,000 லிட்டருக்கு மேல் இந்த ஒரு வாய்க்காலில் இறங்கும். ஆகவே 110 மி.மீ. குழாய் வையுங்கள், 75 வேண்டாம். குழாய் வாயில் சருகு அடைத்தாலும் நீர் வெளியே விழ, முனையில் ஒரு மாற்றுவழியும் விடுங்கள்.

இருபுறமும் இரண்டு மூன்று வரிசை ஓட்டைக் கழற்றியதும் ஓட்டைத் தாங்கும் கைமர முனைகளைக் குத்திப் பார்க்க வேண்டும். உளுத்ததை மாற்றாமல் மேலே புதுத் தகரம் போடுவது வீண். பலகை, அதன்மேல் தார் ஃபெல்ட் (தார் ஏற்றிய விரிப்பு), பிறகு தகரம். பள்ளத்து முனையிலிருந்து தொடங்கினால்தான் மேல் தகடு கீழ்த்தகட்டின் மேல் படியும். ஓட்டுக்கு அடியில் போகும் ஓரத்தை அரை அங்குலம் மேல்நோக்கி மடிக்க வேண்டும். காற்று தள்ளும் நீரை அந்த மடிப்புதான் தடுக்கும். வாய்க்கால் பகுதியில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது. ஓரத்து மடிப்பைக் கிளிப்பால் பிடித்தால் போதும். வெயிலில் 30 அடி ஜி.ஐ. 4 மி.மீ. வரை நீளும், அலுமினியம் அதைப்போல் இருமடங்கு. ஆணியால் இறுக்கிய தகரம் அந்த ஓட்டைகளிலேயே கிழியும். தகரத்தோடு சேர்த்துப் பூசிய சிமெண்ட் ஒரு கோடையிலேயே விரிசல் விடுவதும் இதனால்தான்.

வினிகர் வாடை வரும் சிலிக்கானைத் துத்தநாகத்தில் தடவாதீர்கள், அதிலுள்ள அமிலம் அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் அவசரத்துக்குத்தான். துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகரத்தை எந்தப் பசையும் காப்பாற்றாது.

ஓட்டைத் திரும்ப அடுக்கும்முன் குழாயை அடைத்து, மேட்டு முனையையும் எட்டும் அளவுக்குத் தண்ணீர் கட்டி, இரு வீட்டுக்குள்ளும் ஆள் நின்று சில மணி நேரம் பார்க்கட்டும். கசிந்தால் அப்போதே ஈயம் வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓட்டுக்கூரைப் பணியாளர்கள்,
கும்பகோணம்.