ஆயா வீட்டில் பாலையா

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஆடி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூன்று கடிதத்துக்கு ஒரு பதில்கூட இல்லையே என்று கேட்டிருக்கிறாய். தப்பு என்மேல்தான். கோபுர வேலை முடிந்து அறைக்கு வந்தால் விரலெல்லாம் சுதை காய்ந்து இறுகிக் கிடக்கும், பேனா பிடிக்க வராது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. முழு ரொட்டியில் கால்வாசியை வெட்டி, நடுவைத் தோண்டிக் குழம்பு ஊற்றித் தருவார்கள். பன்னி சௌ என்று பேர். தோண்டி எடுத்ததை மேலேயே வைத்திருப்பார்கள், முதலில் அதைப் பிய்த்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கறியும் உண்டு, பீன்ஸும் உண்டு. எனக்குப் பீன்ஸ்தான் ஒத்துக்கொள்கிறது. இப்போது குளிர்காலம். விடியற்காலையில் சாரத்துக் குழாயைத் தொட்டால் கை விறைத்துவிடும். வெயில் ஏறினால் சரியாகிவிடும்.

பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றிச் சொன்னேனே. பாட்டியை இங்கே ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1860க்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பம். பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், தமிழில் இருபது வார்த்தை தேறினால் அதிகம். ஆனால் ஆடி பிறந்ததும் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சி எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தனுப்பினார்.

ஞாயிறு மதியம் டீக்குக் கூப்பிட்டுப் படம் போடுவார். முதலில் போட்டது 'கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ்'. 2017இல் வந்தது, இதே சாட்ஸ்வொர்த்தில் நடக்கிற கதை. அக்கம்பக்கத்து வீட்டு அம்மாக்கள் ரெண்டு பேருக்கும் ஆகாது, ஒரு வீட்டுப் பையனும் மற்ற வீட்டுப் பெண்ணும் காதலிக்க, பிரித்து வைப்பதற்காக ரெண்டு அம்மாவும் கூட்டுச் சேருவார்கள். ஜைலோஷினி நாயுடு, மைஷ்னி நாயக்கர் என்று ரெண்டு பேர் நடித்திருக்கிறார்கள். முகத்தை வெட்டித் திரும்புவதெல்லாம் அப்படியே நம் தெருக் குழாயடிதான்.

போன ஞாயிறு நான் 'காதலிக்க நேரமில்லை' போட்டுக் காட்டினேன். 1964இல் ஸ்ரீதர் எடுத்தது. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம் வந்தது. நாகேஷ் என்றால் எல்லாரும் தருமியைச் சொல்வார்கள், எனக்கு இதுதான். கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே போடுகிறார், சரி. ஆனால் சிரிக்க வைப்பது பாலையாவின் முகம். அப்படிக் கேட்க ஓர் ஆள் இருப்பதால்தான் அந்தக் கதை அத்தனை எடுபடுகிறது.

ஆயாவுக்குப் பேச்சு ஒன்றும் புரியவில்லை. “பயம், பயம்” என்று சொல்லிச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாம் திண்ணையில் அதே கதையைச் சொல்லும்போது அப்பா துண்டை வாயில் கவ்விக்கொண்டு பாலையாவாக உட்கார்ந்திருப்பாரே, அக்கா. ஆயாவின் சிரிப்புச் சத்தம்கூட அப்பா சிரிப்பது போலவே இருந்தது. தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. இங்கே வந்து ஏழு மாதத்தில் நான் யாருக்கும் ஒரு கதை சொல்லவில்லை.

இதை அப்பாவுக்கு வாசிக்கும்போது அந்த இடத்தை விட்டுவிடு.

இந்த மாதப் பணத்தை ஆவணி முதல் வாரம் சேர்த்து அனுப்புகிறேன். கணக்கு முடிக்க நாளாகிறது, வேறொன்றுமில்லை. அதற்காக உன் வளையலை வைக்காதே. அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், சீட்டுப் பணத்தை எடுத்துக்கொள். கொல்லை வேலி விஷயத்தில் சித்தப்பாவோடு வார்த்தை வளர்க்காதே, சர்வேயர் வந்து அளக்கட்டும். குட்டிக்குக் காது குத்துவதைத் தை மாதத்துக்கு வைத்தால் நான் மடியில் உட்கார்த்திக்கொள்வேன். தேதி குறிக்கும் முன் எனக்கு எழுது.

உன் தம்பி