அப்பாவோட சட்டை பட்டனும் உன்னோட லெட்ஜரும்

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடாததுக்கு ஸாரிடா. பொறுமையைப் பத்திக் கேட்டவனை மூணு வாரம் காக்க வச்சுட்டேன், அதையே முதல் பாடம்னு வச்சுக்கோ. வீட்ல எல்லாரும் கர்த்தர் கிருபைல நல்லா இருக்கோம். பெரியவளுக்கு வேலை கிடைச்சிருச்சு, நைட் ஷிப்ட்தான், ஆனா அவளுக்குப் பிடிச்சிருக்கு. சின்னவன் எப்பவும் போல ஹெட்போனை மாட்டிட்டு தனி உலகத்துல இருக்கான். எனக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, டாக்டர் நடக்கச் சொல்றார், நானும் நடக்கிறதா அவர்கிட்ட சொல்லிட்டிருக்கேன்.

அப்பா விஷயம்தான் பெரிசு. ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம் ஆகுது, பேச்சு முக்காவாசி திரும்பிருச்சு, நடக்கிறார், வலது கை விரல் மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்கல. அவர் வேலையை அவரே செய்யட்டும், நீங்க உதவிக்குப் போனா விரல் கத்துக்காதுன்னு பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பா சொல்லிட்டாங்க. நானும் பெருசா தலையாட்டிட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை காலைலதான் தெரிஞ்சுது அது என்ன பாடுன்னு. எட்டரைக்கு ஆராதனை, எட்டு மணிக்கு அப்பா சட்டையை மாட்டிட்டு கட்டில்ல உக்காந்து பட்டன் போட ஆரம்பிக்கிறார். ஆறு பட்டன். வலது கட்டை விரலால பட்டனைத் துணியோட சேர்த்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இடது கையால ஓட்டையை அதுகிட்ட இழுத்துட்டு வர்றார், பாதி நுழையுது, வழுக்கி வெளிய வந்துருது, திரும்ப முதல்ல இருந்து. நான் வாசப்படில சாவியை ஆட்டிக்கிட்டு நிக்கிறேன். மூணாவது பட்டன்ல என்னால முடியலடா, குனிஞ்சு மீதியை டக்கு டக்குனு போட்டு விட்டுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. கார்ல போகும்போது மட்டும், "நீ சாவியை ஆட்டினா என் கை இன்னும் நடுங்குதுடா"ன்னார். நான் ஆட்டுறதே எனக்குத் தெரியாது.

அன்னிக்குப் பிரசங்கம் எதுவும் மண்டைல ஏறல, சும்மா பைபிளைப் புரட்டிட்டு இருந்தப்ப 1 சாமுவேல் 13 வந்து நின்னுச்சு. சவுல் ராஜாவை நாம அவசரக்காரன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவோம்ல, ஆனா சாமுவேல் தீர்க்கதரிசி நான் வர்ற வரைக்கும் இருன்னு சொன்ன ஏழு நாளும் அவன் காத்திருந்தான்டா. எதிரிங்க பெலிஸ்தர் கடற்கரை மணல் மாதிரி வந்து இறங்கிட்டாங்க, அவன்கூட இருந்த ஜனங்க ஒவ்வொருத்தரா நழுவுறாங்க, அந்த நிலைமைல ஏழு நாள் உக்காந்திருக்கான், நானா இருந்தா ரெண்டாம் நாளே கிளம்பியிருப்பேன். சாமுவேல் வரலைன்னதும், அவர் செலுத்த வேண்டிய பலியைத் தானே செலுத்தினான், செலுத்தி முடிக்கவும் அவர் வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. மோசேயும் அப்படித்தான், பூமியிலயே அவனை மாதிரி சாந்தகுணம் உள்ளவன் இல்லன்னு எண்ணாகமம் 12 சொல்லுது, அதே புஸ்தகத்துல எட்டு அதிகாரம் தள்ளிப் போனா, கர்த்தர் பேசச் சொன்ன கன்மலையைக் கோபத்துல ரெண்டு தரம் அடிச்சுட்டு நிக்கிறான், அத்தனை வருஷம் அந்த ஜனத்தோட முறுமுறுப்பைச் சுமந்தவன். எனக்கு மூணாவது பட்டன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, உன் கதைக்கு வர்றேன். சபைக் கணக்குல கை வச்சேன்னு அந்த ஆள் சொன்னதுக்கு நீ ஒரு வார்த்தை திருப்பிப் பேசல, எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்னு எழுதியிருக்க. கோச்சுக்காதடா, உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது. உன் லெட்டரை ரெண்டு தரம் படிச்சேன். எந்த மீட்டிங், என்ன தேதி, யார் சிரிச்சாங்க, யார் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, கைகுலுக்க வந்தப்ப யார் கையை எடுத்துக்கிட்டாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்க. வாய்தான்டா மூடியிருக்கு, உள்ள லெட்ஜர் ஓடிட்டே இருக்கு. அன்பு "தீங்கு நினையாது"ன்னு 1 கொரிந்தியர் 13ல வருதுல, அந்த "நினையாது"க்கு கிரேக்கத்துல இருக்கிறது கணக்கு எழுதுறவங்க பாவிக்கிற வார்த்தை, பற்றுல வச்சுக்கிறது, கணக்குல சேர்க்கிறது அந்த அர்த்தம். ஸ்கூல்லயே கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவன் நீ, உனக்கு இது கஷ்டம்தான்.

அதுக்காக வாயை மூடிட்டு இருன்னும் நான் சொல்ல மாட்டேன். பிரதான ஆசாரியன் முன்னாடி சேவகன் ஒருத்தன் கன்னத்துல அறைஞ்சப்ப இயேசு சும்மா இருக்கல, நான் தப்பா பேசியிருந்தா எது தப்புன்னு காட்டு, சரியா பேசியிருந்தா ஏன் அடிக்கிறன்னு கேட்டார் (யோவான் 18). கேட்டார், திருப்பி அடிக்கல. நம்ம ஆளுங்க பலபேர் பொறுமைன்னு சொல்றது சண்டைக்குப் பயந்துதான், நானும் அதுல ஒருத்தன். நீ அந்த ஆளைத் தனியாப் பாரு, வவுச்சரைக் கையோட எடுத்துட்டுப் போ, கமிட்டில வேண்டாம், போன்லயும் வேண்டாம். அவர் கேட்கலைன்னா அப்புறம் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போ, அந்த வரிசை மத்தேயு 18லயே இருக்கு. அதே அதிகாரத்துல இயேசு சொல்ற கதைலதான் பதினாயிரம் தாலந்து, அதாவது அடைக்கவே முடியாத கடன் தள்ளுபடி ஆனவன், நூறு வெள்ளிப்பணத்துக்கு இன்னொருத்தன் கழுத்தைப் பிடிக்கிறான். அந்த நூறு வெள்ளிப்பணம் சின்னத் தொகைன்னு நினைக்காத, ஒரு கூலிக்காரனோட நூறு நாள் சம்பளம். உனக்கு நடந்ததும் சின்னது இல்ல, எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, இதை உனக்குச் சொல்லணும்னு வச்சிருந்தேன். கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர்னு யாத்திராகமம் 34ல வருதே, எபிரெயத்துல அது அப்படியே "நீண்ட மூக்கு"டா! அவங்க பாஷைல கோபத்துக்கும் மூக்குக்கும் ஒரே வார்த்தை. நாம மூக்கு மேல கோபம்னு சொல்றோம்ல, அதே மூக்குதான், அவருக்கு அது நீளம், கோபம் ஏறி வர்றதுக்கு நேரம் ஆகும். அப்பாகிட்ட இதைச் சொன்னேன், ரொம்ப நாளைக்கப்புறம் சத்தமா சிரிச்சார், "உனக்கு மூக்கே இல்லடா"ன்னார்.

நான் இவ்வளவு அட்வைஸ் பண்றதைப் பார்த்து நீ சிரிப்ப. வட ஆப்பிரிக்கால கார்த்தேஜ்ல தெர்த்துல்லியன்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர், 1800 வருஷம் ஆச்சு, பொறுமையைப் பத்தி தனியா ஒரு புஸ்தகமே எழுதினார், எடுத்த எடுப்புல எனக்கு அந்தக் குணம் கிடையாது, நோயாளி ஆரோக்கியத்தைப் பத்திப் பேசுற மாதிரிதான் பேசுறேன்னு ஒத்துக்கிட்டுதான் ஆரம்பிக்கிறார். நானும் அந்த வார்டுலதான் படுத்திருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை ஏழரைக்கே ஆரம்பிங்கப்பான்னு சொல்லிட்டு, சாவியை ஹால்லயே வச்சுட்டு வந்து கட்டில்ல அவர் பக்கத்துல உக்காந்தேன். என் ரெண்டு கையையும் தொடைக்கு அடில வச்சுக்கிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. ஆறும் போட்டு முடிச்சார், மணி எட்டு பத்து. எந்திரிச்சு கண்ணாடி முன்னாடி போய் நின்னா முதல் பட்டனே தப்பு ஓட்டைல, சட்டை ஒரு பக்கம் கீழ இறங்கி நிக்குது. ரெண்டு பேரும் கண்ணாடிக்குள்ளயே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். "கழட்டட்டுமா?"ன்னார். "கழட்டுங்கப்பா"ன்னேன். நாங்க உள்ள நுழையும்போது பிரசங்கம் பாதி ஓடியிருந்துச்சு.

அந்த ஆளைப் பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு எழுது. தங்கச்சியையும் பிள்ளைங்களையும் கேட்டதா சொல்லு.

உன் பழைய பெஞ்ச்மேட்